பான் 2008, மூன்றாவது ஆட்டம்: கிராம்னிக்கை ஆனந்த் வீழ்த்திய மெரான் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

2008 அக்டோபரில் ஜெர்மனியின் பான் நகரில் உலக சாம்பியன் பட்டத்துக்காக விஸ்வநாதன் ஆனந்தும் விளாதிமிர் கிராம்னிக்கும் மோதினார்கள். முதல் இரண்டு ஆட்டங்களும் டிரா. அக்டோபர் 17 அன்று நடந்த மூன்றாவது ஆட்டத்தில் கிராம்னிக் வெள்ளை, ஆனந்த் கறுப்பு. 41 நகர்வுகளில் கறுப்பு வென்றது. தொடரின் முதல் வெற்றி அதுதான்.

ஆனந்த் ஆடிய அழகான ஆட்டங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் "ஓப்பனிங் தயாரிப்பு, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளை வீட்டிலேயே ஆராய்ந்து வைப்பது, என்றால் என்ன?" என்று யாராவது கேட்டால் நான் முதலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான். எதிராளியை மிரட்டும் நகர்வைத் தேடுவது தயாரிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். எதிராளி எந்த மாதிரி நிலையில் உட்கார விரும்பமாட்டாரோ, அங்கே அவரை உட்கார வைப்பதுதான் தயாரிப்பு. இந்த ஆட்டம் அதை நகர்வுக்கு நகர்வு காட்டுகிறது.

நகர்வுகளை எப்படிப் படிப்பது?

பலகையின் நெடுவரிசைகள் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். வெள்ளையின் பக்கத்திலிருந்து குறுக்குவரிசைகள் 1 முதல் 8 வரை. எந்தக் காய் என்று சொல்லாமல் கட்டத்தை மட்டும் எழுதினால் அது சிப்பாய் நகர்வு. × என்றால் வெட்டு. எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கறுப்பின் நகர்வு. காசிலிங் என்றால் ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம்மாறுவது. ரூக்கை யானை என்றே எழுதுகிறேன். பிஷப்பைப் பிஷப் என்றே விட்டுவிடுகிறேன். சிலர் அதை மந்திரி என்பார்கள், வேறு சிலருக்கு மந்திரி என்றால் ராணி. அந்தக் குழப்பம் நமக்கு வேண்டாம்.

போட்டிக்கு முன்பு இருவரும் எந்த நிலையில் இருந்தார்கள்?

ஆனந்த் 2007-இல் மெக்சிகோ நகரத்தில் எட்டுப் பேர் ஆடிய போட்டியில் முதலிடம் பெற்று உலக சாம்பியன் ஆனவர். கிராம்னிக் 2000-இல் லண்டனில் காஸ்பரோவை, ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வீழ்த்தியவர். 2006-இல் எலிஸ்டாவில் டோபலோவை வென்று பிளவுபட்டிருந்த பட்டத்தை ஒன்றாக்கியவர். நேருக்கு நேர் மோதும் நீண்ட போட்டியில் கிராம்னிக்கை வெல்வது கடினம் என்பது அன்றைய பொதுவான கருத்து. நேருக்கு நேர் போட்டி என்ற பரீட்சையை ஆனந்த் இன்னும் எழுதவில்லை என்றுகூடச் சிலர் முணுமுணுத்தார்கள்.

அந்தக் கருத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. லண்டனில் கிராம்னிக் பெர்லின் தற்காப்பை எடுத்து வந்து, காஸ்பரோவின் இ4 நகர்வை மழுங்க அடித்தார். பெட்ராஃப் தற்காப்பும் அவர் கைவசம் இருந்தது. ஆனந்தோ சிறுவயதிலிருந்து இ4 ஆடியே வளர்ந்தவர். அவர் வழக்கப்படி இ4 ஆடினால் கிராம்னிக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

ஆனந்த் என்ன செய்தார்? போட்டி முழுக்க, கடைசி ஆட்டம் தவிர, வெள்ளையில் டி4 ஆடினார். கறுப்பில் மெரான் என்ற ஓப்பனிங்கை வைத்துக் காத்திருந்தார். இரண்டுமே கிராம்னிக் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

மெரான் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

மெரானோ, இத்தாலியின் வடக்கே தெற்கு டைரோல் பகுதியில் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் இருக்கும் ஊர். முதல் உலகப் போர் வரை ஆஸ்திரியாவிடம் இருந்தது. 1924-இல் அங்கே நடந்த போட்டியில் எர்னஸ்ட் கிரூன்ஃபெல்டுக்கு எதிராக அகிபா ரூபின்ஸ்டைன் கறுப்பில் இந்த வழியை ஆடி வென்றார். ஊரின் பெயர் ஓப்பனிங்கில் ஒட்டிக்கொண்டது. 1981-இல் கார்ப்போவும் கோர்ச்னாயும் உலகப் பட்டத்துக்கு மோதியதும் இதே ஊரில்தான்.

மெரானின் அடிப்படை எண்ணம் என்ன?

செமி-ஸ்லாவ் என்ற பெரிய குடும்பத்தின் ஒரு கிளை இது. கறுப்பு தன் சிப்பாய்களை டி5, சி6, இ6 என்று முக்கோணமாக நிறுத்துகிறது. நடுப்பலகை கல்லுப்போல நிற்கும். அதற்கு ஒரு விலை உண்டு: சி8-இல் இருக்கும் பிஷப்புக்கு வெளியே வர வழியில்லை, இ6 சிப்பாய் மறித்துக்கொண்டு நிற்கிறது. செமி-ஸ்லாவில் கறுப்பு ஆடும் எல்லாத் திட்டங்களும் ஏதோ ஒரு விதத்தில் இந்தப் பிஷப்புக்கு விடுதலை வாங்கித் தருவதற்குத்தான்.

மெரானில் அது எப்படி நடக்கிறது? வெள்ளை தன் பிஷப்பை டி3-க்கு நகர்த்தும்வரை கறுப்பு பொறுத்திருக்கிறது. நகர்த்தியவுடன் டி5 சிப்பாயால் சி4-ஐ வெட்டுகிறது. வெள்ளை அதே பிஷப்பால் திரும்ப வெட்டவேண்டும். ஆக, ஒரு காய்க்கு இரண்டு நகர்வு செலவு. உடனே கறுப்பு பி5 என்று பிஷப்பைத் துரத்துகிறது. அது திரும்ப டி3-க்கே போகிறது, மூன்றாவது நகர்வு. இப்படிச் சேமித்த நேரத்தில் கறுப்பு ஏ6, சி5 என்று ராணிப் பக்கத்தில் பரவி, பிஷப்பை பி7-இல் நிறுத்தி நீண்ட மூலைவிட்டத்தைத் திறந்துவிடுகிறது. சிறையில் இருந்த காய், பலகையிலேயே மிக நீளமான சாலைக்கு வந்துவிட்டது.

வெள்ளை சும்மா இருக்குமா? கறுப்பு ராணிப் பக்கத்தில் மும்முரமாக இருக்கும்போது வெள்ளை நடுவில் இ4, இ5 என்று உடைத்துக்கொண்டு வருகிறது. கறுப்பு ராஜா இன்னும் இ8-இல்தான் நிற்கிறது. யார் கை முந்துகிறது என்பதுதான் மெரான்.

மூன்றாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளைத் தரமுடியுமா?

1. டி4 டி5 2. சி4 சி6 3. குதிரை எஃப்3 குதிரை எஃப்6 4. குதிரை சி3 இ6 5. இ3 பி8 குதிரை டி7 6. பிஷப் டி3 டி×சி4 7. பிஷப்×சி4 பி5 8. பிஷப் டி3 ஏ6 9. இ4 சி5 10. இ5 சி×டி4 11. குதிரை×பி5 ஏ×பி5 12. இ×எஃப்6 ஜி×எஃப்6 13. காசிலிங், ராணி பி6 14. ராணி இ2 பிஷப் பி7 15. பிஷப்×பி5.

பத்தாவது நகர்வில் வெள்ளை டி5 ஆடினால் அது ரெனால்ட்ஸ் கிளை. இங்கே வந்திருப்பது புளூமன்ஃபெல்ட் கிளை: பதினோராவது நகர்வில் வெள்ளைக் குதிரை பி5-இல் பாய்கிறது. அதற்குக் கறுப்பு டி7 குதிரையால் இ5-ஐ வெட்டினால் சோசின் வழி. ஆனந்த் ஏ×பி5 என்ற வழியை எடுத்தார்.

14-ஆவது நகர்வில் பிஷப் பி7 ஏன் அவ்வளவு பேசப்பட்டது?

அந்த நிலையில் பிஷப்பை ஏ6-இல் வைத்து பி5 சிப்பாயைக் காப்பாற்றுவதுதான் வழக்கமாக இருந்தது. ஆனந்த் அதை விட்டுவிட்டு பி7-இல் வைத்தார். பி5 சிப்பாய் அநாதையாக நிற்கிறது. கிராம்னிக் அதை வெட்டினார், ராஜாவுக்கு முன்னால் நிற்கும் டி7 குதிரையை நகரமுடியாதபடி கட்டிப்போட்டார். எண்ணிக்கையில் இருவருக்கும் ஐந்து சிப்பாய்கள். ஆனால் வெள்ளைக்கு ஏ, பி வரிசைகளில் தடுக்க ஆளில்லாத இரண்டு சிப்பாய்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஆட்டம் நீண்டு ராணிகள் மாறிவிட்டால் அவை இரண்டும் நடந்துபோய் ராணியாகிவிடும்.

கறுப்புக்குக் கைம்மாறாக என்ன கிடைத்தது? ஜி வரிசை திறந்திருக்கிறது. பிஷப் பி7-இலிருந்து நேராக ஜி2-ஐப் பார்க்கிறது. டி4-இல் ஒரு சிப்பாய் வெள்ளையின் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. வெள்ளை ராஜா காசிலிங் செய்து முடித்துவிட்டது, அதன் முகவரி எல்லோருக்கும் தெரியும். கறுப்பு ராஜா நடுவிலேயே நிற்கிறது. பார்த்தால் ஆபத்துப் போலத் தெரியும். சுற்றியுள்ள சிப்பாய்கள் ஒரு கூடாரம் கட்டிக்கொடுப்பதால், உண்மையில் அதைத் தொடுவது எளிதல்ல.

இந்த நிலையில் கணக்குப் போட்டுத்தான் ஆகவேண்டும். "பொதுவாக நல்ல நகர்வு" என்று எதையும் ஆடிவிட்டுப் போகமுடியாது. கிராம்னிக்கின் பலம் எங்கே? காய்கள் ஒழுங்காக நிற்கும் நிலைகளில், சிறு சாதகத்தைப் பிடித்து ஐம்பது நகர்வு நசுக்குவதில். அவர் இரண்டு மணி நேரம் சுகமாக உட்காரக்கூடிய நாற்காலி அது இல்லை. ஆனந்துக்கோ இந்தக் கலவரம்தான் சொந்த ஊர்.

இதெல்லாம் கம்ப்யூட்டர் கண்டுபிடித்ததுதானே? ஆனந்துக்கு இதில் என்ன பெருமை?

அடிக்கடி வரும் கேள்வி; கொஞ்சம் எரிச்சலூட்டும் கேள்வியும்கூட. கம்ப்யூட்டர் இல்லாமல் 2008-இல் யாரும் தயாராகவில்லை. கிராம்னிக்கிடமும் அதே கருவிகள் இருந்தன. பி7 பிஷப் நகர்வை எஞ்சின், அதாவது செஸ் கணக்கிடும் நிரல், ஒருவேளை நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ பட்டியலில் காட்டியிருக்கலாம். அந்தப் பட்டியலில் எதை எடுப்பது என்று எஞ்சின் சொல்லாது. எதிரே உட்காரப்போகும் மனிதர் யார் என்று அதற்குத் தெரியாது.

ஆனந்துடன் வேலை பார்த்த குழு: டென்மார்க்கின் பீட்டர் ஹைன நீல்சன், உஸ்பெகிஸ்தானின் ருஸ்தம் காசிம்ஜானோவ், போலந்தின் ரதோஸ்வாஃப் வொய்தாஷெக், நம் கொல்கத்தாவின் சூர்ய சேகர் கங்குலி. செஸ் உலகில் இவர்களை செகண்ட் என்று சொல்வார்கள். ஒரு வரியை எடுத்து, ஓட்டைகளைத் தேடி, அடைத்து, மறுபடி உடைத்துப் பார்ப்பது இவர்கள் வேலை. மேடையில் உட்காரும்போது எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கவேண்டியவரும், நினைவு முடிந்த இடத்தில் சொந்தமாக ஆடவேண்டியவரும் ஒருவர்தான்.

ஒரு துணைச் செய்தி: 2006 இறுதியில் கிராம்னிக் டீப் ஃபிரிட்ஸ் என்ற கம்ப்யூட்டர் நிரலோடு மோதியதும் பானில் இதே கலைக்கண்காட்சி அரங்கில்தான். இரண்டாவது ஆட்டத்தில் ஒரே நகர்வில் வரும் மேட்டைப் பார்க்காமல் விட்டுவிட்டார். உலக சாம்பியனுக்கும் கண் கட்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சி வேண்டாம்.

தயாரிப்பு முடிந்த பிறகு என்ன நடந்தது?

15... பிஷப் டி6 16. யானை டி1 யானை ஜி8 17. ஜி3 யானை ஜி4. இந்த யானை நான்காவது வரிசையில் நின்று டி4 சிப்பாயைக் காக்கிறது, அதே நேரத்தில் ஜி வரிசையையும் விடவில்லை. கிராம்னிக் 18. பிஷப் எஃப்4 என்று நடுவில் காயை நுழைத்தார். ஆனந்த் வெட்டினார், 18... பிஷப்×எஃப்4. கிராம்னிக் அதைத் திரும்ப வெட்டாமல் 19. குதிரை×டி4 என்று பாய்ந்தார்.

இந்தக் கட்டத்தில் பலகையை நிறுத்திப் பாருங்கள். எஃப்4-இல் நிற்கும் கறுப்பு பிஷப்பை ஜி3 சிப்பாய் வெட்டலாம். ஜி4-இல் நிற்கும் கறுப்பு யானையை வெள்ளை ராணி வெட்டலாம். டி7 குதிரையின் மேல் பி5 பிஷப்பின் கண். மூன்று காய்கள் ஒரே நேரத்தில் தொங்குகின்றன. ஆனந்தின் பதில் 19... எச்5. ஒரு சிப்பாயைத் தள்ளி யானைக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, மற்றவற்றை "எடுத்துக்கொள்" என்று விட்டுவிட்டார். இதை நான் முதல்முறை பார்த்தபோது பலகையில் காய்களைத் தவறாக வைத்துவிட்டேனோ என்றுதான் தோன்றியது.

20. குதிரை×இ6 எஃப்×இ6 21. யானை×டி7 ராஜா எஃப்8 22. ராணி டி3 யானை ஜி7 23. யானை×ஜி7 ராஜா×ஜி7 24. ஜி×எஃப்4. புகை அடங்கியது. இருவரிடமும் ராணி, ஒரு யானை, ஒரு பிஷப். வெள்ளைக்கு ஐந்து சிப்பாய், கறுப்புக்கு மூன்று. இரண்டு சிப்பாய் கூடுதல். சாதாரணமாக இது போதும் வெல்வதற்கு.

ஆனால் வெள்ளை ராஜாவைப் பாருங்கள். ஜி வரிசையில் ஒரு சிப்பாய் இல்லை. எஃப்2, எஃப்4 என்று இரண்டு சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்கின்றன, யாருக்கும் உதவாமல். பி7 பிஷப் இன்னும் ஜி2-ஐப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

இந்த ஆட்டத்தில் உங்களுக்கு மிகவும் பிடித்த நகர்வு எது?

25-ஆவது. 24... யானை டி8 என்று ராணியைத் தட்டி, 25. ராணி இ2 என்று அதை ஒதுக்கிய பின், ஆனந்த் 25... ராஜா எச்6 ஆடினார். செக் இல்லை, வெட்டு இல்லை. ராஜா ஜி வரிசையிலிருந்து ஒதுங்கி யானைக்கு வழிவிடுகிறது, அவ்வளவுதான். இரண்டு சிப்பாய் குறைவாக இருக்கும்போது, உலகப் பட்டப் போட்டியில், தன் ராஜாவை ஆறாவது வரிசைக்கு ஏற்றி வைக்கத் துணிவு வேண்டும். எஃப்6, இ6 சிப்பாய்களும் வெள்ளைப் பிஷப் ராணிப் பக்கத்தில் மாட்டியிருப்பதும் சேர்ந்து, அந்த ராஜாவைத் தொட யாரும் வரமாட்டார்கள் என்று ஆனந்த் கணக்கிட்டிருக்கிறார். தியாகங்களை எல்லோரும் கைதட்டிப் பார்ப்பார்கள். ஆட்டத்தை வென்ற நகர்வு இந்த அமைதியான ராஜா நடைதான் என்பது என் கட்சி.

முடிவு எப்படி வந்தது? ஆனந்த் எதையாவது தவறவிட்டாரா?

26. ராஜா எஃப்1 யானை ஜி8 27. ஏ4 பிஷப் ஜி2 செக் 28. ராஜா இ1 பிஷப் எச்3 29. யானை ஏ3 யானை ஜி1 செக் 30. ராஜா டி2 ராணி டி4 செக் 31. ராஜா சி2 பிஷப் ஜி4 32. எஃப்3 பிஷப் எஃப்5 செக் 33. பிஷப் டி3.

இங்கே 33... பிஷப்×டி3 செக் ஆடியிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். 34. யானை×டி3 என்றால் 34... ராணி சி4 செக். யானையை சி3-இல் குறுக்கே வைத்தால் இ2 ராணி போய்விடும். ராஜா டி2-க்கு வந்தால் யானை ஜி2 என்று ராணி கட்டுண்டுவிடும். ஆனந்த் அதை விட்டு 33... பிஷப் எச்3 ஆடினார். வெற்றி நழுவவில்லை, தள்ளிப்போனது.

34. ஏ5 யானை ஜி2 35. ஏ6 யானை×இ2 செக் 36. பிஷப்×இ2 பிஷப் எஃப்5 செக் 37. ராஜா பி3 ராணி இ3 செக் 38. ராஜா ஏ2 ராணி×இ2 39. ஏ7 ராணி சி4 செக் 40. ராஜா ஏ1 ராணி எஃப்1 செக் 41. ராஜா ஏ2 பிஷப் பி1 செக். கிராம்னிக் கைகொடுத்தார். ஏ வரிசைச் சிப்பாய் ஏழாவது வரிசைவரை வந்துவிட்டது, ராணியாக ஒரே படி. அந்தப் படியை எடுத்துவைக்க வெள்ளைக்கு ஒரு நகர்வு கிடைக்கவேயில்லை. கறுப்பு செக் மேல் செக் கொடுத்துக்கொண்டே இருந்தது.

கடிகாரத்துக்கு இதில் எவ்வளவு பங்கு?

நிறைய. முதல் 40 நகர்வுகளுக்கு ஆளுக்கு இரண்டு மணி நேரம். ஆனந்த் தொடக்கத்தை வீட்டிலேயே முடித்துவிட்டு வந்திருந்தார். கிராம்னிக் ஒவ்வொரு நகர்வையும் மேடையில் யோசித்து எடுக்கவேண்டியிருந்தது. பிறகு சிக்கல் முற்றியபோது இருவருக்குமே நேரம் குறைந்தது. 33-ஆவது நகர்வில் ஆனந்த் விட்டதும், அதற்கு முன்னும் பின்னும் கிராம்னிக் சிறந்த தற்காப்பைக் காணாததும் அந்த நெருக்கடியில்தான். எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு "இதுகூடத் தெரியவில்லையா" என்று சிரிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஐந்தாவது ஆட்டத்திலும் இதே ஓப்பனிங் வந்ததாமே?

ஆமாம், அதுதான் இந்தக் கதையின் இரண்டாம் பாகம். தோற்றவர் கிராம்னிக், மூன்று நாள் கழித்து அதே நிலைக்கு அவரே திரும்ப வந்தார். வீட்டில் ஆராய்ந்து ஒரு மேம்பாட்டைக் கண்டுபிடித்திருப்பார் என்று நினைப்பதே நியாயம். ஆனால் அதைக் காட்ட அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. முதலில் வழி மாறியவர் வென்ற ஆனந்த். 15-ஆவது நகர்வில் பிஷப் டி6-க்குப் பதில் யானை ஜி8.

இந்த ஆட்டம் முந்தையதைவிட நிதானமாகப் போனது. 29-ஆவது நகர்வில் கிராம்னிக் குதிரையால் டி4 சிப்பாயை வெட்டினார். காய்கள் மாறிக்கொண்டே வரும், கடைசியில் பி7 பிஷப்பும் தனக்கு விழும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரியாகவே போனது, 33-ஆவது நகர்வில் யானை பி7 பிஷப்பை வெட்டும்வரை. அப்புறம் 33... யானை சி1 செக் 34. பிஷப் எஃப்1 குதிரை இ3! குதிரையைச் சும்மா கொடுக்கிறார். 35. எஃப்×இ3 எஃப்×இ3. அடுத்து இ2, அந்தச் சிப்பாயை நிறுத்த வெள்ளையிடம் எதுவும் இல்லை, எஃப்1 பிஷப் கட்டுண்டு கிடக்கிறது. கிராம்னிக் அங்கேயே கைவிட்டார். கணக்கில் ஒரே ஒரு நகர்வு முன்பே நின்றுவிட்டதால் வந்த தோல்வி.

மொத்தத்தில் கிராம்னிக் மோசமாக ஆடினார் என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. மூன்றாவது ஆட்டத்தில் அவர் பயந்து ஒதுங்கவில்லை; சவாலை ஏற்றுச் சிப்பாயை வெட்டினார், 19-ஆவது நகர்வில் பலகையையே கொளுத்திப் போட்டவர் அவர்தான். தவறு நகர்வில் என்பதைவிட, போட்டிக்கு முன்பே நடந்துவிட்டது: ஆனந்த் கறுப்பில் இவ்வளவு கூர்மையாக வருவார் என்று அவர் அணி கணிக்கவில்லை.

போட்டி எப்படி முடிந்தது?

ஆறாவது ஆட்டத்தில் ஆனந்த் வெள்ளையில், நிம்சோ-இந்தியத் தற்காப்புக்கு எதிராக வென்றார். பாதி வழியில் 4.5–1.5. பத்தாவதில் கிராம்னிக் ஒரு நேர்த்தியான வெற்றி பெற்றார். பதினோராவதில் ஆனந்துக்கு டிரா போதும். அன்றுதான் முதல்முறையாக இ4 ஆடினார், கிராம்னிக் நைடார்ஃப் சிசிலியன் தற்காப்பை எடுத்தார், 24 நகர்வுகளில் டிரா. 6.5–4.5 என்று ஆனந்த் போட்டியை வென்றார். அக்டோபர் 29.

ஆனந்த் மெரானில் வேறு ஏதாவது ஆடியிருக்கிறாரா?

2013 ஜனவரியில், நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீயில் லெவோன் ஆரோனியனுக்கு எதிராக ஆடியதைத் தவறவிடாதீர்கள். மறுபடி கறுப்பு, மறுபடி மெரான், 23 நகர்வுகளில் வெற்றி. எட்டாவது நகர்வில் ஏ6-க்குப் பதில் பிஷப் டி6 ஆடுவார். 15-ஆவது நகர்வில் பிஷப்பை சி5-இல், டி4 சிப்பாய் வெட்டக்கூடிய இடத்தில் கொண்டுவந்து வைப்பார். அடுத்த நகர்வில் குதிரையை இ5-இல், அதுவும் வெட்டுப்படும் இடத்தில். இரண்டு பிஷப்புகளும் வெள்ளை ராஜாவைச் சுட்டும் விதத்தைப் பார்த்தால், 1907-இல் வூட்ஜ் நகரில் ரோட்லெவிக்கு எதிராக ரூபின்ஸ்டைன் ஆடிய ஆட்டம் நினைவுக்கு வரும். மெரானுக்குப் பெயர் வாங்கித் தந்த அதே ரூபின்ஸ்டைன். அந்த யோசனை 2012-இல் மாஸ்கோவில் உலகப் பட்டத்துக்காக கெல்ஃபாண்டோடு மோதத் தயாரித்தபோது உருவானது. அங்கே பயன்படாமல், இங்கே ஆரோனியன் தலையில் விழுந்தது.

அழகு என்று கேட்டால் ஆரோனியன் ஆட்டம். பாடம் என்று கேட்டால் பான் மூன்றாவது ஆட்டம்.

என் ரேட்டிங் (ஆட்ட வலிமையைக் காட்டும் எண்) 1500-க்குக் கீழே. நான் மெரான் ஆடலாமா?

டி5, சி6, இ6 முக்கோணத்தை ஆடுங்கள், நல்ல அமைப்பு. சி4-இல் வெட்டி பி5 தள்ளும் திட்டத்தையும் ஆடுங்கள். புளூமன்ஃபெல்ட் கிளையை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் எதிராளி ஆறாவது நகர்விலேயே பாதை மாறிவிடுவார். நீங்கள் நெட்டுருப் போட்ட இருபது நகர்வும் வீண். எட்டாவது நகர்வில் பிஷப் பி7 அல்லது பிஷப் டி6 ஆடிப் பழகுவது புரிந்துகொள்ள எளிது.

பயிற்சி வகுப்புகளில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இந்த வரிசையைக் கரும்பலகையில் எழுதி ஒப்பிக்கச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பிள்ளையாவது "சி4-ஐ ஏன் முன்பே வெட்டக்கூடாது, பிஷப் டி3-க்கு வரும்வரை ஏன் காத்திருக்கவேண்டும்?" என்று கேட்டால் அந்த வகுப்பு உருப்படும். கேட்காவிட்டால், ஆசிரியராவது கேட்கவேண்டும்.

நான் வெள்ளை. மெரானைத் தவிர்க்க வழி உண்டா?

உண்டு. ஐந்தாவது நகர்வில் இ3-க்குப் பதில் பிஷப் ஜி5 ஆடலாம். அது வேறு காடு, அங்கேயும் புலி உண்டு. இ3 ஆடிவிட்டால் ஆறாவதில் பிஷப்பை நகர்த்தாமல் ராணி சி2 ஆடுங்கள். கறுப்பு காத்திருந்த அந்த ஒரு நகர்வு கிடைக்காது. அதன்பின் கறுப்பு பிஷப் டி6 என்றால், வெள்ளை ஏழாவது நகர்விலேயே ஜி4 என்று சிப்பாயைத் தூக்கி எறியும் ஷபலோவ்–ஷீரோவ் வழியும் உண்டு. அமைதி வேண்டுபவர் டி5-இல் சிப்பாயை மாற்றிக்கொண்டு போகலாம்.

இந்த ஆட்டத்தைச் சொந்தமாக ஆடிப் பார்க்க நல்ல முறை எது?

உண்மையான பலகையை எடுங்கள், எஞ்சினை அணைத்துவையுங்கள். 14-ஆவது நகர்வுவரை வேகமாகப் போய்விடலாம். 15-க்குப் பிறகு கறுப்பு நகர்வுகளை ஒரு தாளால் மறைத்து, ஒவ்வொன்றையும் நீங்களே ஊகியுங்கள். 19-ஆவது நகர்வில் குறைந்தது பத்து நிமிடம் நில்லுங்கள்: தொங்கும் மூன்று காய்களையும் எழுதி, வெள்ளை ஒவ்வொன்றாக வெட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 25-ஆவது நகர்வில் எச்6 ராஜா உங்கள் தலையில் தோன்றவில்லை என்றால் கவலை வேண்டாம், பெரும்பாலோருக்குத் தோன்றுவதில்லை. 33-இல் பிஷப்×டி3 செக்கை நீங்கள் கண்டுபிடித்தால், அந்த ஒரு நகர்வில் உலக சாம்பியனை முந்திவிட்டீர்கள். உங்களுக்குக் கடிகாரம் ஓடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்தபின் எஞ்சினைத் திறந்து சரிபாருங்கள்.